அவங்களே சொல்லட்டும்

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி ஐந்தாறு வருடம் ஆகிறது. நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி வைத்தேன். அதில் என் பேரன் லாரியும் பஸ்ஸும் வரைந்து தீர்த்தான். இன்னொன்று வாங்கினேன். முதல் வரி எழுதுவேன், உடனே செபமாலைக்கு நேரமாகிவிட்டது என்று மூடி வைத்துவிடுவேன். அது சாக்கு என்று எனக்கும் தெரியும், மாதாவுக்கும் தெரியும்.

பெங்களூரில் விவேக் நகரிலும் நீலசந்திராவிலும் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. ஆஸ்டின் டவுனில் இருந்த ஒரு லாயரம்மா, ஒரு விதவையின் அப்பீலைக் கடைசி வாரம் வரைக்கும் கிடப்பில் போட்டார், முக்கியமான சாட்சியைக் கூப்பிடக்கூட இல்லை, அதனால் அவள் குடியிருந்த வீடு போயிற்று என்று. அந்த விதவை என் கூடப்பிறந்த தங்கை ஸ்டெல்லா. அந்தச் சாட்சி நான். அந்தப் பேச்சு பொய்.

லாயரம்மாவின் பெயரை எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் பெயர் சொல்லாமலே யாரென்று தெரியும். தெரியாதவர்களுக்கு அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால் போதும். நான் எட்டாவது வரைதான் படித்தவன். பஸ் டிப்போவில் டயர் செக்‌ஷனில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய ஆபீஸ் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. பக்கவாட்டில் இரும்புப் படி. ஏறினால் ஒரே அறை. ஒரு மேஜை, ஒரு பீரோ, இரண்டு நாற்காலி. ஒன்று அவருக்கு, ஒன்று வந்தவருக்கு. மூன்றாவது நாற்காலி வாங்க முடியாமல் இல்லை. வேண்டாம் என்றே வைக்கவில்லை. கிளார்க் கிடையாது, ஜூனியர் கிடையாது. கதவைத் தட்டினால் அவரே எழுந்து வந்து திறப்பார். அவர் வீட்டார் தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்து சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள். நம்மோடு தமிழில் பேசிக்கொண்டிருப்பார், போன் வந்தால் கன்னடம் பேசுவார். அதைக் கேட்டால் மாண்டியாவில் பிறந்தவர் என்றே நினைக்கத் தோன்றும். பஸ்ஸில்தான் வருவார். கறுப்பு கவுனை மடித்துத் துணிப்பையில் வைத்திருப்பார். அதன் மேலேயே அரைக் கிலோ அவரைக்காயும் இருக்கும்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம். பிரச்சினை யாருடையதோ அவர் மட்டும்தான் உள்ளே உட்காரலாம். கூட வந்தது மாமனாரோ, சித்தப்பாவோ, ஏரியா லீடரோ, யாராயிருந்தாலும் ஒரே பேச்சு.

"அவங்களே சொல்லட்டும். நீங்க கீழ போய் ஒரு டீ குடிங்க."

பேக்கரிக்காரர் ஹாசன் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். நான் படியிறங்கி வருவதைப் பார்த்ததுமே டம்ளரை எடுப்பார்.

"வாங்கண்ணா. உங்களையும் எறக்கிட்டாங்களா?"

"எறக்கிட்டாங்க."

"பேஜார் பண்ணிக்காதீங்க. போன வாரம் ஒரு வார்டு கார்ப்பரேட்டரையே எறக்கிட்டாங்க. ரெண்டு கார பன் தின்னுட்டுப் போனாரு. லாயரம்மா மேல இருக்கற வரைக்கும் எனக்கு வியாபாரம் ஓடும்."

நான் அடிக்கடி இறக்கப்பட்டவன். எங்கள் தெருவில் கோவில் குடும்பங்கள் கூடும் அன்பியத்துக்கு நான்தான் பொறுப்பாளர். இருபத்திரண்டு குடும்பம். யாருக்கு ரேஷன் கார்டு வேண்டும், யாருக்கு ஆஸ்பத்திரியில் பெட் வேண்டும், யார் பிள்ளைக்குக் கான்வென்டில் இடம் வேண்டும் என்றாலும் நான்தான் கூடப் போய்ப் பேசுவேன். நம்ம ஆளுங்களுக்கு ஆபீசர் முன்னால் வாய் வராது என்று சொல்லிக்கொள்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எங்கள் வழக்கமே அப்படித்தான். கல்யாணப் பேச்சென்றால் நடுவில் ஒருவர் வேண்டும். பாதரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் உபதேசியாரிடம் சொல்ல வேண்டும். வேலை கேட்கப் போனால் கையில் யாருடைய லெட்டராவது இருக்க வேண்டும். நேராகப் போய் நின்று கேட்பது மரியாதை இல்லை என்றே வளர்ந்தோம்.

என் சொந்த விஷயத்துக்காக ஒரு தடவை அவரிடம் போனேன். டிப்போ ரெக்கார்டில் என் பிறந்த தேதி தப்பாக ஏறியிருந்தது. இரண்டு வருடம் முன்னதாகவே ரிட்டயர் ஆக வேண்டியதாக இருந்தது. நான் போய் உட்கார்ந்ததும் ஒரு கவரை மேஜைமேல் வைத்தேன்.

"என்ன இது?"

"எங்க பாதர் குடுத்த லெட்டர்மா. என்னைப் பத்தி நல்ல விதமா எழுதியிருக்காரு."

"நீங்க பொறந்தப்ப பாதர் பக்கத்துல இருந்தாரா?"

"இல்லம்மா. அவரு என்னைவிட சின்னவரு."

"அப்ப லெட்டர் உங்க பையிலயே இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

எனக்கு ரோஷம் வந்தது. "நாங்க சாமிகிட்ட கேக்கறதே மாதா வழியாதாம்மா. பெரியவங்க மூலமா போறதுதான் எங்க பழக்கம்" என்றேன்.

அவர் கேலி செய்யவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "சாமிகிட்ட யார் வழியா வேணாலும் போங்க. அவருக்கு நீங்க சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். ஜட்ஜுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. அவருக்கு நீங்கதான் சொல்லியாகணும்."

நான் சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதிக்கொண்டார். இங்கிலீஷில் எழுதுவதெல்லாம் அப்புறம்தான். எழுதி முடித்ததும் எனக்கே திரும்பப் படித்துக் காட்டினார்.

"இதுல நீங்க சொல்லாத வார்த்தை ஏதாவது இருக்கா?"

"'மிகுந்த மனவேதனை'ன்னு இருக்குதும்மா. எனக்கு வேதனை எல்லாம் இல்ல. கோவம்தான்."

சிரித்துக்கொண்டே அடித்துவிட்டுக் கோபம் என்று எழுதினார். கோவிலில் இருந்த ஞானஸ்நானப் புத்தகத்தின் நகலை வைத்து என் தேதி சரியாயிற்று. ஆனாலும் பாதர் லெட்டரை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையே என்ற குறை எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

பேச்சு வராதவர்களுக்கு அவர் வைத்திருந்த வைத்தியம் அவரைக்காய். அவரை சீசன் இல்லாவிட்டால் பீன்ஸ். நீலசந்திராவிலிருந்து தெருக்கூட்டும் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மேஸ்திரி பண்ணும் தொந்தரவு தாங்க முடியாத விஷயம். அவளோடு வந்த யூனியன்காரரும் நானும் கீழே உட்கார்ந்து இரண்டு டீ குடித்தோம். மூன்றாவதும் குடித்தோம். அவள் இறங்கி வந்தபோது முகம் வீங்கியிருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

"இன்னாம்மா, எல்லாம் சொன்னியா?" என்று யூனியன்காரர் கேட்டார்.

"ரொம்ப நேரம் நான் வாயே தொறக்கலண்ணா. அந்தம்மா பாட்டுக்கு அவரைக்காய் உரிச்சாங்க. என் மூஞ்சியக்கூடப் பாக்கல. சும்மா உக்காந்திருக்க ஒரு மாதிரி இருந்துச்சா, நானும் ஒரு கை அள்ளி உரிச்சேன். பாதி உரிக்கறப்ப தானா வந்துடுச்சு."

கோர்ட் வாசலில் நின்று ஆள் பிடித்துக் கொடுப்பவர்களை அவருக்கு ஆகவே ஆகாது. ஒரு நாள் அப்படிப்பட்டவன் ஒருவன் படியேறி வந்து, "மேடம், இது நான் கூட்டிட்டு வந்த பார்ட்டி" என்று சொல்லிவிட்டு நின்றான்.

"பார்ட்டிக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு. அதுவே நடந்து வந்திருக்கே" என்றார் லாயரம்மா.

அந்த ஆள் கீழே வந்து டீகூடக் குடிக்காமல் போனான். பேக்கரிக்காரர் அதைத்தான் பெரிய குறையாகச் சொன்னார்.

எல்லாமே இப்படி இனிப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். திக்கித் திக்கிப் பேசும் ஒரு ஆட்டோக்காரரை அவர் மனைவி கூட்டிக்கொண்டு வந்தாள். அவரால் முழுசாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது, நான் சொல்கிறேன் என்று அவள் எவ்வளவோ கெஞ்சினாள். லாயரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் முழுக்க அந்த மனுஷனை உட்கார வைத்து அவரையே பேச வைத்தார். மனைவி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "இவங்களுக்கு மனசே இல்லீங்களா?" என்று என்னிடம் கேட்டாள். அவர் இறங்கி வந்தபோது சட்டை தண்ணீரில் முக்கியதுபோல் நனைந்திருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் வரவே இல்லை. லாயரம்மாவிடம் கேட்டேன். "தெரியலீங்க. அன்னைக்கு நான் செஞ்சது சரியான்னு எனக்கும் தெரியல" என்றார். தெரியவில்லை என்று சொல்கிற வக்கீலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி என் தங்கை விஷயம்.

ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிள்ளை இல்லை. நீலசந்திராவில் மாமனார் கட்டிய வீட்டில் கீழே ஒரு ரூமும் சமையற்கட்டும் அவளுக்கு. மேலே கொழுந்தன் அந்தோணி குடும்பம். புருஷனுக்கு வர வேண்டிய பாதி வீட்டில் அவளுக்கு உரிமை இருந்தது. துக்கம் முடிந்து ஆறு மாதத்தில் அந்தோணி என்னிடம் வந்தார். பேங்கில் லோன் வாங்கி மேலே இன்னொரு மாடி போட வேண்டும், காகிதம் ஒரே பெயரில் இருந்தால்தான் தருவார்கள், அண்ணிக்குக் கீழ் ரூம் கடைசி வரைக்கும் உண்டு, நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றார். அந்தோணி சூப்பர்வைசராக இருந்த கம்பெனியில்தான் என் சின்ன மகனுக்கு வேலை. அவர் சிபாரிசில் கிடைத்த வேலை. நான் ஸ்டெல்லாவிடம் போய், "நம்ம அந்தோணிதானே, கையெழுத்துப் போடும்மா" என்றேன். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் அது. முழுக்கக் கன்னடத்தில் இருந்தது. ஸ்டெல்லாவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. எனக்கும் அப்படித்தான். யாரும் எங்களுக்குப் படித்துச் சொல்லவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் ஆபீசர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, "ஓதி ஹேளிதாராம்மா நிமகெ?" என்று கேட்டார். உனக்குப் படித்துச் சொன்னார்களா என்று. அவர் கேட்டது அவளை. அவள் வாய் திறப்பதற்குள் நான் முன்னால் போய், "ஹேளிதீவி சார், எல்லா ஹேளிதீவி" என்றேன். எல்லாம் சொல்லிவிட்டோம் என்று. பிறகு சாட்சி என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அந்தோணி கீழ் ரூமைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் விட்டார். பிறகு கேஸும் போட்டார். ஸ்டெல்லா அந்தக் காகிதத்தை ஏந்திக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் அவளை லாயரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். பழக்கமான படி. அவர் கதவைத் திறந்து ஸ்டெல்லாவை உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க கீழ போங்க."

"இவ என் தங்கச்சிம்மா. ரொம்பக் கூச்சம். பேச வராது."

"கூச்சம் போற வரைக்கும் நான் உக்காந்திருக்கேன்."

"நான் அவளுக்கு அண்ணன் மட்டுமில்ல, அப்பா ஸ்தானத்துல இருக்கறவன்."

"அதனாலதாங்க சொல்றேன்."

நின்றேன். மேஜைமேல் தட்டில் அவரைக்காய் இருந்தது. ஸ்டெல்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்து வா ஸ்டெல்லா, போலாம்" என்றேன்.

அவள் லாயரம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்துவிட்டாள். கதவருகே வந்தபோது லாயரம்மா அவளிடம் மட்டும் சொன்னார். "படி எங்க இருக்குன்னு இப்ப உங்களுக்கும் தெரியும்மா. எப்ப வேணாலும் நீங்க வரலாம்."

வழியெல்லாம் அந்தம்மாவுக்குத் திமிர் என்று திட்டிக்கொண்டே வந்தேன். அப்பா ஸ்தானத்தில் இருக்கிறவனை அவமானப்படுத்திவிட்டார் என்று வீட்டிலும் சொன்னேன், அன்பியத்திலும் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். ஆனால் எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். அந்த அறையில் நான் இல்லாமல் ஸ்டெல்லா உட்கார்ந்தால், காய் பாதி உரிப்பதற்குள் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது வெளியே வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். கீழே இறங்கிப் போக முடியாமல் என் கால் நின்றதற்குக் காரணம் அதுதான்.

டிப்போ நண்பர் ஒருவர் மூலமாக அவருடைய மச்சானைப் பிடித்து, அவர் மூலமாக ஒரு பெரிய வக்கீல் ஆபீசுக்குப் போனோம். ஏசி போட்டிருந்தது. முதலில் கிளார்க் பார்த்தார், பிறகு ஜூனியர் பார்த்தார், பெரியவரை வாசலில் கும்பிட்டதோடு சரி. நான் சொன்னதை ஜூனியர் எழுதிக்கொண்டார். கீழ் ரூம் கடைசி வரைக்கும் உண்டு என்று கொழுந்தன் வாய்வார்த்தையாகச் சொன்னார், இதுதான் நான் சொன்னது. பத்திரத்தைப் படித்துக் காட்டவில்லை என்பதை நான் சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடம் அங்கே ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டினார்கள். எனக்கு அது மரியாதையான இடமாகத் தெரிந்தது.

சாட்சிக் கூண்டில் ஸ்டெல்லா ஏறிய நாளை மறக்க முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் அவளிடம் அமைதியாகத்தான் கேட்டார்.

"பத்திரத்தை உங்களுக்குப் படிச்சுச் சொன்னாங்களாம்மா?"

அவள் தலையைத் திருப்பிக் கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தாள். நான் பாக்கெட்டில் இருந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்துகொண்டேன்.

"சொன்னாங்க சார்" என்றாள்.

அதோடு கேஸ் முடிந்துபோயிற்று. ரிஜிஸ்டர் ஆன பத்திரத்துக்கு முன்னால் வாய்வார்த்தை நிற்காது என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்டபோது என் மனசின் ஒரு மூலையில் நிம்மதி இருந்தது. இதை எழுதுவதற்குத்தான் இத்தனை வருடம் ஆயிற்று.

தீர்ப்புக்குப் பிறகு ஸ்டெல்லா என்னிடம் சொல்லாமல் தனியாக அந்தப் படியேறிப் போயிருக்கிறாள். இரண்டு நாள் போய்ப் பேசியிருக்கிறாள். எனக்கு அது எப்படித் தெரிய வந்தது என்றால், ஒரு நாள் நான் பேக்கரி பெஞ்சில் பன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது லாயரம்மா கீழே இறங்கி வந்தார். அவர் ஒருத்தரைத் தேடிப் படியிறங்கி வந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். உள்ளே மாவு பிசையும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பேசியது பேக்கரிக்காரருக்குக் கேட்டிருக்காது.

"உங்க தங்கச்சி எல்லாம் சொல்லிட்டாங்க. உங்களை வந்து பார்க்கறேன்னு அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லணும்."

நான் கையில் இருந்த பன்னைத் தாளில் சுற்றினேன்.

"பெரிய கோர்ட்டுக்குப் போக தொண்ணூறு நாள் டைம். அறுபது போயிடுச்சு. கூண்டுல ஆமாம்னு சொன்னவங்க இப்ப இல்லைன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா சாட்சிக் கையெழுத்துப் போட்டவரே வந்து, படிச்சுக் காட்டல, அவங்களைக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லிட்டேன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தா, நான் கேட்டுப் பார்ப்பேன். ஜெயிக்கும்னு சொல்லல. கேட்க வழி இருக்கு."

"என் மேல கேஸ் வருமாம்மா?"

"வரலாம். வராமலும் போகலாம். வராதுன்னு சொல்லி உங்ககிட்ட கையெழுத்து வாங்க மாட்டேன்."

"என் பையன் அந்தோணி கம்பெனியிலதான் இருக்கான்."

"தெரியும். தங்கச்சி சொன்னாங்க. அதையும் யோசிச்சுதான் அவங்க கூண்டுல அப்படிச் சொல்லியிருக்காங்க."

அதற்கு மேல் அவர் என்னை வற்புறுத்தவில்லை. தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. "ஈஸ்டர் முடியட்டும்மா, கண்டிப்பா வர்றேன்" என்றேன். "வாங்க. நீங்க வர்ற வரைக்கும் அப்பீலைப் போடாம வெச்சிருக்கேன், கடைசி வாரம் வரைக்கும்" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பெயர் சொல்லாமல், ஒரு இடத்தில் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லிவிட்டேன், அதனால் ஒருவருக்கு நஷ்டம் என்று சொன்னேன். பாதர் அதற்குப் பரிகாரமாகச் சிலுவைப்பாதை செய்யச் சொன்னார். பதினான்கு ஸ்தலமும் முழங்காலில் செய்தேன். பெரிய வியாழனன்று கோவிலைவிட்டு வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. லேசான மனசோடு வீட்டுக்குப் போனேன். ஆஸ்டின் டவுனுக்குப் போகவில்லை. ஈஸ்டர் போயிற்று. அந்தப் பக்கம் போகிற பஸ்ஸையே விட்டுவிட்டுச் சுற்றிப் போனேன். போன் இரண்டு தடவை அடித்தது, எடுக்கவில்லை.

கடைசி வாரத்தில் என் சாட்சியம் இல்லாமலே அப்பீல் போட்டார். நீங்களே ஆமாம் என்று சொல்லியிருக்கிறீர்கள், இனி என்ன இருக்கிறது என்று கோர்ட் தள்ளிவிட்டது. ஸ்டெல்லா அந்த ரூமைவிட்டு இறங்கினாள். ஒரு பீரோ, ஒரு கேஸ் அடுப்பு, மாதா படம். என் வீட்டுக்கு வா என்றேன். வேண்டாம்ணா என்று சொல்லிவிட்டாள். ஆனால் போகும்போது ஒன்று கேட்டாள்.

"லாயரம்மா உன்னை வந்து கேட்டதா சொல்றாங்க. நீ வரலைன்னு சொல்றாங்க. நெசமாண்ணா?"

அவள் என் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டாள். இல்லை என்று சொன்னேன். "என்னை யாரும் வந்து கேக்கலையேம்மா. கேட்டிருந்தா வராம இருப்பேனா?" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். பிறகு லாயரம்மாவிடம் போய்ச் சண்டை போட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவர் பதிலுக்கு, "உங்க அண்ணன்கிட்டயே இன்னொரு தடவை கேளுங்க" என்று மட்டும் சொன்னாராம். ஸ்டெல்லா இன்னொரு தடவை கேட்கவில்லை. நடந்ததாக அவள் நம்பியதைப் பக்கத்து வீட்டில் சொன்னாள். அது அன்பியத்துக்கு வந்தது, வாட்ஸாப்பில் யாரோ பேசி அனுப்பினார்கள், கோவில் வாசல்வரை போயிற்று. ஒரு கூட்டத்தில் என்னிடமே, "உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே, அந்தம்மா எப்படி?" என்று கேட்டார்கள். "ஆண்டவர் பார்த்துக்குவார்" என்றேன். ஏதோ பெருந்தன்மையாகச் சொன்னதுபோல் எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் படியேறுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

ஒரு தடவை பஸ் ஸ்டாப்பில் அவரை நேருக்கு நேராகப் பார்த்துவிட்டேன். ஒதுங்க இடமில்லை. அவரே, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"உங்களைப் பத்தித் தப்பாப் பேசறாங்கம்மா."

"காதுல விழுது."

"நீங்க ஸ்டெல்லாகிட்ட அடிச்சுச் சொல்லியிருக்கலாம். கீழ எறங்கி வந்ததைப் பேக்கரிக்காரர் பாத்திருக்காரு. அவரையே சொல்லச் சொல்லியிருக்கலாம்."

"ஒரு தடவை சொன்னேங்க. அதுக்கு மேல அண்ணன் தங்கச்சிக்கு நடுவுல நான் யாரு? பாக்கி நீங்க சொல்ல வேண்டியது."

பஸ் வந்தது. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டார். அவர் கண்ணில் கோபம் இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

போன வருடம் அவர் காலமாகிவிட்டார் என்று பேக்கரிக்காரர் சொன்னார். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மேலே இப்போது மொபைல் ரிப்பேர் கடை.

இந்தத் தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக ஸ்டெல்லாவிடம் போனேன். ஈஜிபுராவில் பெண்கள் தங்கும் ஒரு ஹாஸ்டலில் அவள் சமையல் செய்கிறாள். சமையற்கட்டுக்குப் பின்னாலேயே அவளுக்கு ஒரு சின்ன ரூம். நான் போனபோது சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பேக்கரி பெஞ்சில் அவர் வந்து உட்கார்ந்தது, நான் ஈஸ்டர் கழித்து வருகிறேன் என்றது, போனை எடுக்காதது, அவளிடம் சொன்ன பொய். அவள் கை நிற்கவில்லை. கல்லில் இருந்ததைத் திருப்பிப் போட்டாள், எடுத்தாள், அடுத்ததைப் போட்டாள்.

கடைசிச் சப்பாத்தியை எடுத்துவிட்டு, "கூண்டுல உன்னைப் பாத்துட்டுதான் ஆமாம்னு சொன்னேன். அது நானா செஞ்சது. அதுக்காக உன்னை ஒரு நாளும் நோகல" என்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டாள். "அந்தம்மா போயிட்டாங்கன்னு கேட்டப்ப, நல்லா வேணும்னு நெனச்சேண்ணா. இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

 வா, உட்கார் என்று அவள் சொல்லவில்லை.

"எத்தினி பேர்கிட்ட சொல்லியிருப்பேன் தெரியுமா? பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்ககிட்டகூட சொன்னேன். ஒவ்வொருத்தரையா எங்க போய்த் தேடுவேன்? நீ எழுது. நீதான் எழுதணும்."

அதனால் எழுதியிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் யாராவது இருப்பீர்கள். நீங்கள் யாரிடம் கேட்டீர்களோ, யாரிடம் சொன்னீர்களோ, அவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது எனக்காக எதையும் சேர்க்காதீர்கள். பாவம், மகனின் வேலைக்குப் பயந்தார், வயதானவர், பக்தியுள்ளவர், பிறகு மனம் வருந்தினார் என்றெல்லாம் முன்னாலும் பின்னாலும் வைத்துச் சொல்லாதீர்கள். லாயரம்மா வந்து கேட்டார். நான் போகவில்லை. தங்கை கேட்டபோது, என்னை யாரும் கேட்கவில்லை என்று பொய் சொன்னேன். இந்த மூன்றையும் இப்படியே, இந்த வரிசையிலேயே சொல்லுங்கள்.